துரை விட்டுப்போன நாய்

கார்த்திகை 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். என் எழுத்து ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று கீழே சறுக்குகிறது. வாசிக்கப் போகிறவன் நான்தான். நானே பொறுத்துக்கொள்கிறேன். ஆனாலும் என்ன ஆனந்தம்! எழுதினேன், திரும்ப வாசித்தேன், அதே சொல் வந்தது. அறுபத்திரண்டு வயதில்! இராப்பள்ளி வாத்தியாருக்குப் பெரிய கும்பிடு.

இன்று எழுதியவை: கடல், மழை, வலை, ஜாக்.

ஜாக் என் நாய். இரண்டு மாதம் முன்பு வரை துரையின் நாய். அவருடைய ராயபுரம் பங்களாவில் நான் தோட்டக்காரனாக இருந்தேன். சீமைக்குக் கப்பல் ஏறிய அன்று துரை சங்கிலியை என் கையில் கொடுத்து, "குட் டாக்" என்றார். நல்ல நாய்தான். பழக்கிய விதம்தான் கோளாறு. கால்சட்டையும் பூட்ஸும் வந்தால் வாலாட்டும். வேட்டி, கைலி, புடவை என்றால் பாயும். சோறு வைப்பவன் என்று என்னை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. பங்களா வாசலுக்கு அது சரி. எங்கள் குப்பத்தில் பூட்ஸுக்கு எங்கே போவது?

10, புதன்

மழை இல்லை. ஜாக்கைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். அதுதான் என்னை இழுத்துப் போனது. எதிரே யார் வந்தாலும் "ஓரம், ஓரம்" என்று கத்த வேண்டியிருக்கிறது. துரை "நோ" என்றால் அப்படியே உட்காரும். நான் "நோ" என்றால் காதைக்கூட அசைப்பதில்லை.

வலை பிரித்தவர்கள் ஒரே சிரிப்பு. "இன்னா நைனா, உன் நாய்க்கோசரம் குப்பமே கால்சட்டை தச்சிக்கணுமா?"

நானும் சிரித்தேன். தோளில் வலி.

11, வியாழன்

குழாயடி. குடம் தூக்க இரண்டு கையும் வேண்டும். ஜாக்கைக் கம்பத்தில் கட்டினேன். ஊரே வந்து போகிற இடத்திலா கட்டுவது? பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மீன் கூடை கழுவ வந்தாள். சங்கிலி நீளம். கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. நான் "நோ, நோ" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

12, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றி ஊசி, இரண்டு வாரத்துக்கு. ரிக்ஷாவில் கூட்டிப் போனேன். கன்னியம்மா திட்டினால் தேவலை.

"கூடை தூக்கலன்னா என் வூட்ல அடுப்பு எரியாது நைனா. எனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆவாது" என்றேன். எனக்கென்ன தெரியும்?

சாயங்காலம் குப்பத்துப் பெரியதனக்காரர் வந்தார். "கொயந்தைங்க ஆட்ற எடம் நைனா. கார்ப்பரேசன் நாய் வண்டிக்குச் சொல்லி அனுப்சிட்டேன்."

கட்டி வைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டித்தானே வைத்திருந்தேன். சரி என்றேன்.

ராத்திரி ஜாக்கின் சோற்றில் ஒரு நெத்திலி கூடுதலாக வைத்தேன்.

13, சனி

நல்ல வெயில். நாய் வண்டி வந்தது. எல்லா வீட்டிலும் கதவடைப்பு. பிடிப்பவர் காக்கிக் கால்சட்டை, பூட்ஸ், கையில் சுருக்குக் கம்பி.

ஜாக் அவரைப் பார்த்தது. வால் ஆடியது. உட்கார்ந்து முன்னங்காலை நீட்டியது, துரைக்கு நீட்டுவது போல.

"இன்னா பெர்சு, இதுவா கடிக்கிற நாயி?"

சுருக்குக்கு வேலையே இல்லை. சங்கிலியைக் கழற்றி என்னிடமே கொடுத்தார். அந்த பூட்ஸுக்குப் பின்னாலேயே நடந்து போய் வண்டியில் தானாக ஏறிக்கொண்டது.

கன்னியம்மாவுக்கு நாளையும் ஊசி. கூடப் போக வேண்டும். இனி அடுத்த வாரம்தான் எழுத உட்காருவேன். இது ஒன்று மட்டும் இன்றைக்கே. வண்டிக் கதவைச் சாத்தும்போது "நோ" என்றேன். காதைக்கூட அசைக்கவில்லை.