நீ ஏறிய பாறை

இன்று காலை கிணற்றுக்குப் புதுக் கயிறு மாற்றினோம். குளத்தங்கரைக் கடையில் உன் அண்ணா பேரம் பேசி வாங்கி வந்த கயிறு. முதல் வாளி மேலே வந்ததும் நனைந்த நாரின் வாசனை குப்பென்று அடித்தது. வாளியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே பருப்பு பொங்கி அடுப்பை அணைத்தது. நீ இருந்திருந்தால், "மன்னி மறுபடியும் தீவுக்குப் போயிட்டா" என்று என்னைக் கேலி செய்துகொண்டே அடுப்பை மூட்டியிருப்பாய்.

தீவுக்குத்தான் போயிருந்தேன். வேறெங்கே போவேன்?

துறைமுகத்தில் உத்தியோகமாக இருந்த உன் அண்ணாவை அப்போது பர்மாக் கரையோரத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். கப்பல்களுக்கு வழிகாட்ட விளக்கு வைப்பதற்கு எந்தப் பாறை தோதாக இருக்கும் என்று ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்து எழுத வேண்டும். அவருக்கோ வயிற்றில் புண், வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. கடல் தாண்டினால் ஆசாரம் போய்விடும் என்று உன் அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் பிள்ளையின் வயிறுதான் ஜெயித்தது. என்னை அனுப்பச் சம்மதித்தாள். ஆனால் என் சமையலில் நம்பிக்கை கிடையாது, அதனால் உன்னையும் சேர்த்து அனுப்பினாள். "அவ தாராளமாப் போகட்டும். அவளுக்கு இனிமே கெட்டுப்போறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். நீ அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாய். கல்யாணமான மறு வருஷமே புருஷனைப் பறிகொடுத்து, தலையை மழித்து, நார்மடிப் புடவை சுற்றி அந்த அடுப்படிக்கு வந்தவள் நீ. என்னைவிடச் சின்னவள்.

அந்தத் தீவுகளில் நம்மையும் படகோட்டியையும் தவிர மனுஷர் யாரும் இல்லை. கரையில் நீ கல் கூட்டிச் சமைப்பாய். உன் அண்ணா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையில் ஏறுவார். நான் அதைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீ மட்டும் கரண்டியைக் கையில் பிடித்தபடி வைத்த கண் வாங்காமல் பார்ப்பாய். "அண்ணா தப்பான எடத்துல கால் வெக்கறான், இடது பக்கம் நன்னா இடுக்கு இருக்கு" என்று என்னிடம் முணுமுணுப்பாய்.

கடைசித் தீவில் அவருக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது. படகோட்டி வயசானவர், ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உன் அண்ணா வீங்கின காலை நீட்டிக்கொண்டு பாறையைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கேட்டாய். "அண்ணா, நான் ஏறிப் பார்த்துட்டு வந்து சொல்லட்டுமா?"

அவர் சிரித்தார். அப்புறம் உன் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டு கயிற்றை எடுத்தார்.

நார்மடியை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாய். ஒரு இடத்தில் கால் வழுக்கி, இரண்டு முழங்காலும் உரசித் தொங்கினாய். நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த ஸ்தோத்திரத்தையெல்லாம் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது நீ உச்சியில் நின்றுகொண்டிருந்தாய். முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. அங்கிருந்து என்னைப் பார்த்து ஏதோ கத்தினாய். அதைப் பிறகு சொல்கிறேன்.

திரும்பும் கப்பலில் உன் அண்ணாவுக்குக் கவலை வந்துவிட்டது. அம்மா காதுக்கு எட்டினால் என்ன ஆகும்? நீதான் வழி சொன்னாய். "மன்னி ஏறினான்னு சொல்லிடலாம். மன்னின்னா வேடிக்கைன்னு சிரிச்சுட்டுப் போயிடுவா. நான்னா என்னை உசிரோட விடமாட்டா."

அப்படித்தான் பாறை எனக்கு வந்தது.

உன் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு மாட வீதி முழுக்க என் புகழ்தான். வருஷா வருஷம் கொலுவுக்கு வருகிற மாமிகள் சுண்டலை வாங்கிக்கொண்டு, "பாறை ஏறின கதையைச் சொல்லுடி" என்பார்கள். கயிறு அறுத்த காயம் எங்கே என்று ஒருத்தி கேட்டபோது, அரிவாள்மணையில் வெட்டிக்கொண்ட விரலைக் கூசாமல் காட்டினேன். சுமங்கலிகள் கூடியிருக்கும் கூடத்துக்கு நீ வர மாட்டாய். சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டு எடுத்துக் கொடுப்பாய். "மன்னி, அந்த இடுக்குல கை வெச்சதை விட்டுட்டேளே!" ஒரு மாமி, "நீ கீழே இருந்தவதானே, உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டாள். "கீழேர்ந்து பார்த்தேனே" என்றாய். உள்ளே போனாய். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் கூசுகிறது.

உன் அம்மா காலமான மறு வருஷம், கொலு முடிந்து நாம் இருவரும் கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். "இனிமே நெஜத்தைச் சொல்லிடலாமா மன்னி?" என்றாய், விளையாட்டுப் போல. "இப்போ போய் எதுக்கு? இத்தனை வருஷமாப் பொய் சொன்னேன்னு என்னைத்தான் சிரிப்பா" என்றேன். நீ கையிலிருந்த செட்டியார் பொம்மைக்கு இன்னொரு சுற்றுத் துணி சுற்றினாய். பயப்பட வேண்டிய ஆள் போய்விட்டாள். விட்டுக்கொடுக்க எனக்குத்தான் மனசு வரவில்லை. அடுத்த கொலுவுக்குள் விஷ ஜுரம் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

தீட்டு என்று அந்த வருஷம் கொலு வைக்கவில்லை. இந்த வருஷம் வைத்தேன். மாமிகள் வந்தார்கள், கதை கேட்டார்கள். "ஏறினது நான் இல்லை, என் நாத்தனார்" என்றேன். யாரும் நம்பவில்லை. "பாவம், போனவளுக்கு விட்டுக்கொடுக்கறா, இவளுக்குத்தான் என்ன மனசு!" என்று உச்சுக்கொட்டினார்கள். உன் அண்ணாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஆமாம் என்றார். பெண்டாட்டி பேச்சுக்கு எந்தப் புருஷன் மறுப்புச் சொல்வான் என்று அதற்கும் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. உன்னுடையதை உன்னிடம் திருப்பிக் கொடுக்கப் போனால், அதற்கும் எனக்கே பெருமையா?

அப்போதுதான் உச்சியிலிருந்து நீ கத்தினதைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் கதையில் நான் சேர்க்காதது அது ஒன்றுதான். பின்னலும் பூவுமாக உட்கார்ந்திருக்கிறவள் எப்படிச் சேர்ப்பேன்?

"மன்னி! தலையிலே காத்து படறது மன்னி! வெறுந்தலையிலே படறது!"

கூடத்தில் சிரிப்பு நின்றது. சுண்டல் கிண்ணத்தை ஒருத்தி கீழே வைத்தாள். ஒவ்வொருவராகத் திரும்பி, சமையலறை வாசற்படியைப் பார்த்தார்கள்.

நம்பிவிட்டார்களடி. ஒரு கொலு முந்திச் சொல்லியிருந்தால் நீ அங்கே நின்றிருப்பாய்.