காதைத் தொட்டாய், பொய் என்றேன்

அன்பு மாப்பிள்ளை சூசைக்கு,

உலகச் சண்டை ஒருவழியாக முடிந்துவிட்டது. துறைமுகத்தில் மறுபடி விளக்கு எரிகிறது. ரேஷன் கடை வரிசைதான் குறைந்தபாடில்லை. நீ கேட்க விரும்புவது இதையல்ல. விஷயத்துக்கு வர எனக்குத்தான் பயம்.

ஒருத்தன் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று எனக்கு எவ்வளவு திமிர்! கண்ணைப் பார்க்க மாட்டான், கை காதுக்கோ மூக்குக்கோ போகும், சொன்னதையே திரும்பச் சொல்வான். வயிற்றுவலி என்று நீ கடலுக்கு வராத அன்று, மத்தியானமே உன்னைச் சேவல்கட்டில் பிடித்தேனே. அதைச் சொல்லிச் சொல்லிக் கடற்கரை முழுக்கப் பெருமையடித்தேன்.

அடுத்த வாரம் கடலடியில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போன தோணியில், தலையைக் குனிந்து காதைத் தடவிக்கொண்டே சொன்னாய்.

"காது குத்துது மச்சான். இன்னைக்கு வேண்டாம். நெசமா குத்துது."

"ஏலே, என்கிட்டயேவா? இன்னைக்கு எங்கன சேவல்கட்டு?"

தோணியே சிரித்தது. நீயும் சிரித்துவிட்டுக் குதித்தாய். காது வலிப்பவன் காதைத் தொடாமல் வேறு எதைத் தொடுவான்? அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

மேலே இழுக்கச் சொல்லி நீ அசைக்க வேண்டிய கயிறு என் கையில் அசையவே இல்லை. நானாக இழுத்தபோது உன் காதில் ரத்தம், மூச்சு இல்லை. குளிப்பவனின் கயிற்றை அவன் மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். தங்கச்சி தாலியை எந்த அண்ணனும் அறுக்க மாட்டான் என்ற நம்பிக்கை. நான் அறுத்தேன்.

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி அருளம்மா கேட்டாள்: "அண்ணே, குளிக்க மாட்டேன்னு எதுவும் சொன்னாகளா?"

"ஏளா, ஒண்ணும் சொல்லல. அவனாத்தான் குதிச்சான்."

கண்ணைப் பார்த்துச் சொன்னேன். நாக்கு குழறவில்லை, கை எங்கும் போகவில்லை. நம்பிவிட்டாள். தோணியில் இருந்தவர்களும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்று காலையில் உன்னை ஏசி அனுப்பியதால்தான் மனம் வெறுத்துக் குதித்தாய் என்று இப்போது தன்னையே நொந்துகொள்கிறாள். பாவம் செய்தவள் என்று எண்ணி, பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எழுந்திருப்பதில்லை. "நான்தான அவுகளக் கொன்னேன்" என்கிறாள். பாவி நான், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாளைப் பூசை முடிந்ததும் சொல்லிவிடுவேன், மாப்பிள்ளை. தரையைத்தான் பார்ப்பேன், நாக்கு குழறும். தன்னைத் தேற்ற அண்ணன் பொய் சொல்கிறான் என்றுதான் நினைப்பாள். தோணியில் இருந்த அத்தனை பேரையும் அவள் வாசலுக்குக் கூட்டிவருவேன். அவள் என் முகத்தில் காறித் துப்பும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன்.

உன் கயிற்றைப் பிடித்திருந்த மச்சான்,
லாசர்