தகப்பன் பெயர் பொம்மையன்

திண்டுக்கல்,
4-2-1963

அன்புள்ள தம்பி முத்துச்சாமிக்கு அக்கா பேச்சாயி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லச் சொல்ல, நம் குடியிருப்புக்கு வந்துபோகும் செபஸ்தியம்மாள் டீச்சர் எழுதுகிறார். நடுவில் இரண்டு முறை பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அப்படியே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு நீ போட்ட கடிதம் கிடைத்தது. காட்டு வாட்சர் வேலைக்குப் புதுக் காக்கிச் சட்டை கொடுத்தார்கள் என்றும், நம் வீடுகள் இருந்த மேட்டில் மரத்தால் பரண் கட்டி, மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள் அதில் ஏறிக் காட்டுமாடு பார்க்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். உன் மனைவி மாயம்மாளுக்கு இது ஏழாம் மாதம் என்று அறிந்து சந்தோஷம். அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

மலையை மிருகங்களுக்கு என்று ஒதுக்கி நம்மைக் கீழே இறக்கி மூன்று வருஷம் ஆகப்போகிறது. அளக்க வந்த அதிகாரிகளுக்கு முன்னால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டியது நீதான். "கீழ போனா நெலம் தாராக, கெணறு வெட்டித் தாராக, ஆஸ்பத்திரி பக்கம்" என்று நீ சொன்னதை நம்பித்தான் பதினெட்டுக் குடும்பமும் இறங்கியது. நிலம் கொடுத்தார்கள். கலப்பை வைத்தால் கல் தட்டுகிறது. கிணற்றில் சித்திரைக்குப் பிறகு தண்ணீர் கிடையாது. நான் ஜெகபர் அலி ராவுத்தரின் தோல் ஷாப்பில், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறேன். மூக்குக்குள் ஏறிய அந்த வாடை குளித்தாலும் போவதில்லை. ஆஸ்பத்திரி பக்கம்தான், அதில் நீ பொய் சொல்லவில்லை.

ஐப்பசியில் அம்மா செத்த திதிக்கு அப்பா யாரிடமும் சொல்லாமல் மலை ஏறிவிட்டார். ஓடைக்கரையில் அம்மாவைப் புதைத்த இடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, நம் பழைய கொல்லையில் அரைச் சாக்கு வள்ளிக்கிழங்கு தோண்டியிருக்கிறார். இறங்கும்போது பிடித்துவிட்டார்கள். பிடித்தது நீயா, பிடித்த பிறகு கையெழுத்து மட்டும் போட்டாயா, எனக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கார்த்திகையில் திண்டுக்கல் கோர்ட்டில் கேஸ் வந்தது. குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "தோண்டுனது நாந்தான் எசமான். நட்டதும் நாந்தான்" என்றார் அப்பா. முதலில் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். பிறகு மாஜிஸ்திரேட் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போட்ட வாட்சர் முத்துச்சாமிக்கும் தகப்பன் பெயர் பொம்மையன் என்று இருக்கிறதே, உன் மகனா என்று கேட்டார்.

அப்பா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அது வேற பொம்மையனா இருக்கும் எசமான். எனக்கு ஆம்பளப் புள்ள கெடையாது. ஒரே மக, அந்தா நிக்கிறா" என்று என்னைக் காட்டினார். கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு மாதம் தண்டனை.

ஜெயிலில் பார்க்கப் போன அன்று, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அழுதேன். "தகப்பன்னு தெரிஞ்சா, நீதான் உள்ள விட்டியான்னு கேட்டு அவன் வேலையப் பிடுங்கிருவாக. மாயம்மா மாசமா இருக்கால்ல" என்றார்.

வெளியே வந்ததிலிருந்து இருமல். தை பிறந்ததும் சளியில் ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டு எழுதுகிறவர், பார்த்துக்கொள்ள மகன் யாராவது உண்டா என்று கேட்டார். அங்கே உன் வேலையைப் பறிக்க ஆள் இல்லை, தம்பி. ஆனாலும் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "மகன் இல்ல" என்றார். கோர்ட்டில் சொன்னது உனக்காக. இதை யாருக்காகச் சொன்னார் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு நாளாகக் கஞ்சியும் இறங்கவில்லை. கண் திறக்கும்போதெல்லாம், "என்னைய ஒங்கம்மாகிட்டக் கொண்டுபோயிரு" என்கிறார். இங்கே ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நமக்கென்று ஒரு சுடுகாடு ஒதுக்கியிருக்கிறார்கள். அதைச் சொல்லிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதனால் வருகிற வெள்ளிக்கிழமை விடியும் முன்னே அவரைக் கட்டிலோடு மாட்டு வண்டியில் ஏற்றி அடிவாரம் வரை கொண்டுவருகிறோம். அதற்கு மேல், நம் குடியிருப்பு ஆட்கள் நாலு பேர் தூக்கிக்கொள்வார்கள். ஓடைப் பாதை வழியாகத்தான் வருவோம். இதை நீ மேலதிகாரிகளிடம் சொன்னால் எங்கள் அத்தனை பேர் மேலும் கேஸ் வரும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ வேறு பக்கம் காவலுக்குப் போய்விடலாம். அதற்காக உன்னைக் குறை சொல்ல மாட்டேன். உனக்குக் குடும்பம் இருக்கிறது. மாயம்மாளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். பிறக்கிற பிள்ளை பிறந்த இடத்திலேயே வளர்ந்து பெரிதாகட்டும்.

அந்தப் பக்கமே நிற்பதானால் ஒரு கடப்பாரையோடு நில். ஓடைக்கரை மண் இறுகிக் கிடக்கும்.

உன் கூடப் பிறந்தவள்,
பேச்சாயி