மேற்கு வானத்து வெள்ளைக் கோடு

குவைத்,
14.2.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் லீலா மேரி எழுதுவது. ஆண்டவர் கருணையால் நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? அரியலூர் டாக்டரிடம் மறுபடியும் காட்டினீர்களா?

நேற்று சாயங்காலம் மேற்கு வானத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு எழும்பி, நுனியில் இரண்டாகப் பிரிந்து, வெகுநேரம் கலையாமல் நின்றது. எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் நடக்க முடிந்த நோயாளிகள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். ராக்கெட் என்றார் ஒருவர், வால் நட்சத்திரம் என்றார் இன்னொருவர். எல்லாம் அரபியிலும் இந்தியிலும்தான். நானும் என்னை அறியாமல், "என்னாதுங்க அது?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். ஒருவரும் திரும்பவில்லை. அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது. ஈரான்-ஈராக் சண்டை நடக்கும் இடம் இங்கிருந்து தூரம், அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நம் தெரு ஆரோக்கியசெல்வம் அண்ணன் லீவு முடிந்து திரும்பும்போது பருப்புப் பொடி கொடுத்தனுப்புங்கள். தமிழ்ப் பேப்பரில் சுற்றிக் கொடுங்கள், பழைய பேப்பரானாலும் சரி.

வரதராசன்பேட்டையில் இத்தனை வருடமாக விஞ்ஞானப் பாடம் நடத்துகிறீர்களே, அந்தக் கோடு என்னவாக இருக்கும்? போன கடிதம் போல நாலு வரியில் முடித்துவிடாதீர்கள்.

டூட்டி பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை அப்பா, நீளமாக எழுதுங்கள்.

உங்கள் மகள்,
லீலா