திரும்பி இறங்காத விமானங்கள்

நார்ஃபோக், அக்டோபர் 6, 1942

இன்றும் தனியாகத்தான் சாப்பிட்டேன். கேன்டீனில் விமானிகளுக்கு ஒரு மேசை, மெக்கானிக்குகளுக்கு ஒன்று, தட்டச்சுப் பெண்களுக்கு ஒன்று. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு விமானங்களை எடைபோடுகிறவளுக்கு எந்த மேசை? அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள்கூடச் சேர்ந்து சாப்பிட ஆட்கள் உண்டு. வீட்டின் முதல் பட்டதாரி என்று அம்மா சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 9

இவை ராணுவத்தின் போர் விமானங்கள். நீண்ட ஓடுபாதையில் ஓடி எழும்பியே பழகியவை. இப்போது விமானந்தாங்கிக் கப்பல் தளத்தின் நீளத்துக்குப் பாதையில் வெள்ளைக் கோடு போட்டு, அதற்குள் எழும்பப் பழகுகிறார்கள். இன்றும் சிலர் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். கடலில் கோட்டுக்கு அப்பால் தண்ணீர்தான்.

கிரேனால் கப்பலில் ஏற்றி, ஏதோ ஒரு கரைக்கு அருகே பறக்கவிடப் போகிறார்களாம். கப்பலில் திரும்ப இறங்க முடியாது. தளத்துக் கம்பியைப் பிடித்து நிற்கும் கொக்கி இவற்றுக்குக் கிடையாது. போனால் போனதுதான்.

அக்டோபர் 13

லெப்டினன்ட் எம்மெட் ஸ்ட்ராட் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார்!

"என்ன தராசுக்காரி, தனியாவா?"

கான்சாஸ்காரர். கோதுமை வயல். "எங்க ஊர் அவ்வளவு தட்டை, மிஸ். சாயங்காலம் வரப்போற விருந்தாளிய காலையிலேயே பாத்துடலாம்."

சிரித்துவிட்டேன். மெக்கானிக்குகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

அக்டோபர் 14

இன்றும் வந்தார்.

அக்டோபர் 19

கடைசி எடை. எம்மெட்டின் விமானத்தில் வால் சக்கரத்தின் கீழிருந்த தராசின் முள் அதிகம் காட்டியது. மெக்கானிக் சார்ஜென்ட் ஓடெல் இருக்கைக்குப் பின்னாலிருந்த மூடியைத் திறந்தார். போர்வையில் சுற்றிய அக்கார்டியன் வாத்தியம். அடியில் இறைச்சி டின்கள், பூட்ஸ்.

எம்மெட் ஓடி வந்தார். "விட்டுடுங்க, ப்ளீஸ். அப்புறமா வந்து எடுத்துக்க இது என்ன திரும்பி வர்ற வண்டியா? அங்க ஒரு பாட்டுகூட இருக்காது."

"வால் கனத்தா மூக்கு தானாத் தூக்கும், வேகம் செத்துக் கடல்ல விழும்..." என்றேன்.

"அதெல்லாம் சமாளிச்சுருவேன். எத்தனை தடவை பண்ணியிருக்கேன்!"

ஓடுபாதையில் பண்ணியிருக்கிறார்.

கழிப்பறைக்குள் போய் நின்றேன். இறக்கச் சொன்னால் நாளை எதிரே யார் உட்காருவார்கள்? — அடிப்பாவி, இதையா யோசிக்கிற? அந்த ஆளு கடல்ல விழுந்தா?

திரும்பி வந்து சொன்னேன். குரல் நடுங்கியது. "இறக்குங்க, சார்ஜென்ட்."

ஓடெலுக்கு உற்சாகம். எல்லா விமானங்களையும் திறந்துவிட்டார். சிகரெட் பெட்டிகள், விஸ்கி, ஒரு மடக்குக் கட்டில்கூட. தரையில் குவியல்.

"பல் பிரஷ்ஷாவது விடுவீங்களா, மிஸ்?" என்று ஒருவன் கத்தினான்.

எம்மெட் கத்தவில்லை. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "யாருமே உங்ககூட உட்காராதப்ப நான்தான் வந்து உட்கார்ந்தேன்."

அக்டோபர் 20

யாரும் உட்காரவில்லை.

அக்டோபர் 22

கப்பல் புறப்பட்டது. எம்மெட் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறிப்போனார். கையசைக்கத் தூக்கிய கையால் முடியை ஒதுக்கிக்கொண்டேன்.

நவம்பர் 8

அந்தக் கரை எதுவென்று வானொலி சொல்லிவிட்டது. ஆப்பிரிக்கா. விமானிகளின் பெயர்கள் எதையும் சொல்லவில்லை.

டிசம்பர் 14

கப்பல் வந்துவிட்டது. துறைமுகத்துக்குப் போய், கயிறு சுருட்டிக்கொண்டிருந்த மாலுமியிடம், நானாகவே கேட்டேன்.

"ஸ்ட்ராட்டா? அன்னைக்குத் தூக்கிவிட எதிர்க்காத்தே இல்ல, மிஸ். விளிம்பைத் தாண்டினதும் அவன் வண்டி கீழ எறங்கிக் கண்ணுக்கே தெரியல. முடிஞ்சுதுன்னு தொப்பியக் கழட்டிட்டோம். பாத்தா, அலைய உரசிக்கிட்டே போயி அந்தாண்ட மெல்ல ஏறுறான், பொல்லாத பய!" பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அட, அந்தத் தராசுக்காரி நீங்கதானா? வழி பூரா உங்களத் திட்டித் தீத்துட்டானே!"

திட்டினாராம். திட்ட ஆள் இருக்கிறது. உயிரோடு.

பேருந்தில் அழுதுகொண்டே சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஜனவரி 11, 1943

புதுப் படை வந்திருக்கிறது. ஓடெல் வரும்வரை காத்திருக்கவில்லை. நானே ஏணியில் ஏறி, முதல் விமானத்தின் இருக்கைக்குப் பின்னால் கைவிட்டேன். கிடைத்ததைக் கீழே போட்டேன்.

"குட் மார்னிங், மிஸ்," என்றான் கீழே நின்ற விமானி. நல்ல சிரிப்பு. "என் பேரு..."

"விமானத்தோட நம்பரைச் சொன்னாப் போதும்," என்றேன்.

குரல் நடுங்கவில்லை.