அமாவாசை வரை பூட்டக் கூடாத வீடு

18.1.2006, புதன்

பொங்கல் முடிந்து நான்கு நாளாகியும் தெருவில் கரும்புச் சக்கை அள்ளப்படவில்லை. பனியாக இருந்ததால் காலையில் நடக்கப் போகவில்லை. மின்கட்டணம் கட்டிவிட்டு வந்தேன்.

மாலையில் பழமலை சிங்கப்பூரிலிருந்து பேசினான். ஞாயிறுதான் பேசுகிற வழக்கம். புதன்கிழமை மகன் குரலைக் கேட்டதும் என்னவோ ஏதோ என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நல்ல செய்திதான். மலேசியாவில் கடலோரமாக ஒரு பிளாட் வாங்கியிருக்கிறானாம். ஊர்ப் பெயர் போர்ட் டிக்சன். ஆறாவது மாடி.

"வேலைய அங்க மாத்திட்டாங்களாப்பா?" என்றேன்.

"இல்லப்பா, லீவுக்குப் போயி இருக்கறதுக்கு. கார்ல நாலு மணி நேரம்தான்."

"மத்த நாள்ல யாரு இருப்பாங்க?"

"யாரும் இல்ல. பூட்டி வச்சிருப்போம்" என்று சிரித்தான்.

ஓய்வெடுப்பதற்கென்று தனியாக ஒரு வீடு. இவன் அம்மா கமலம் இருந்திருந்தால், இருக்கிற வீட்டைப் பெருக்கவே முடியவில்லை என்றிருப்பாள். நான் "ரொம்ப சந்தோஷம்ப்பா" என்றேன். அதைச் சரியான குரலில் சொன்னேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

22.1.2006, ஞாயிறு

மருமகள் சண்முகப்ரியா பேசினாள். "மாமா, கட்டில் எவ்வளவு உயரம் இருந்தா உங்களுக்கு எழுந்திரிக்க வசதியா இருக்கும்?"

அளந்து சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்வரை அளந்தேன். பதினெட்டு அங்குலம். நானே திரும்ப அழைத்துச் சொன்னேன்.

எதற்கு என்று கேட்கவில்லை. அந்தப் புது வீட்டில் எனக்கு ஒரு கட்டில் போடுகிறார்கள். கட்டில் போட்டால் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் — கமலம் போன பிறகு இந்த நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருப்பது அதுதானே? ஆனால் நானாகக் கேட்க மாட்டேன். கேட்டு, அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால்? போனில் அதுகூடத் தெரியாது.

29.1.2006, ஞாயிறு

தர்மராஜ் வந்திருந்தார். விருத்தாசலம் பீங்கான் கல்லூரியில் நான் மெருகுக் கலவைப் பாடம் நடத்தியபோது அவர் சூளைகளைப் பார்த்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் தேடி வருகிற ஒரே மனிதர். கட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"கட்டிலுக்கு அளவு கேட்டாங்கன்னா ஆளக் கூப்பிடப் போறாங்கன்னுதான் அர்த்தம். பொட்டியக் கட்டுங்க சார்."

"அப்பிடியெல்லாம் இல்ல."

"உங்களுக்கு நல்லதே நடந்தாலும் ரசீது காட்டினாத்தான் நம்புவீங்க."

வழக்கம்போல ஏழரைக்கு எழுந்து போய்விட்டார். மகன் வீட்டில் அவருக்கு எட்டு மணிக்குச் சாப்பாடு.

5.2.2006, ஞாயிறு

பழமலையிடம் அறைகளின் அளவைக் கேட்டு எழுதி வைத்திருந்தேன். இன்று, பக்கத்துப் பீங்கான் சூளையில் வாங்கிய பிளாஸ்டர் தூளால் மொட்டை மாடியில் அந்த வீட்டை அப்படியே வரைந்தேன். கூடம், இரண்டு படுக்கையறை, ஒரு சிறிய அறை. அந்தச் சிறிய அறைதான் என்னுடையது என்று வைத்துக்கொண்டேன். என் மாடி போதவில்லை. சமையலறை, ஒட்டினாற்போல் இருக்கும் பக்கத்து வீட்டு மாடியில்தான் விழுகிறது. வெகுநேரம் யோசித்துவிட்டு, அந்த வீட்டு அம்மாள் அம்புஜவல்லியிடம் அனுமதி கேட்டேன்.

"தாராளமா வரைங்க சார். நான் வத்தல் காயப் போடணும், உங்க சமையக்கட்டுலயே போட்டுக்கறேன்."

மாலையில் தர்மராஜ் மேலே வந்தார். கோட்டுக்கு வெளியே நின்று செருப்பைக் கழற்றினார். "பெல்லு எங்க இருக்குது சார்?"

அவரை உள்ளே அழைத்துப் போய் ஒவ்வொரு அறையாகக் காட்டினேன். பால்கனி என்று நான் சொன்ன இடத்தில் நின்று சூளைப் புகைபோக்கிகளைப் பார்த்தார். "கடல் நல்லாத்தான் இருக்குது" என்றார். இத்தனை சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை.

11.2.2006, சனி

ப்ரியா ஓடுகளின் படங்களை அனுப்பியிருப்பதாகச் சொன்னதால் பாலக்கரை பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன். குளியலறைத் தரைக்குப் பளபளவென்று மெருகேற்றிய வெள்ளை ஓடு. ஈரம் பட்டால் வழுக்கும். ஆயுள் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும், அவள் ஆசையாகத் தேர்ந்தெடுத்ததைக் குறை சொல்வதா? கேட்காத யோசனையை எதற்குச் சொல்ல வேண்டும்? மூன்று முறை எழுதி அழித்துவிட்டு, கடைசியில் இரண்டு வரி அனுப்பினேன்.

12.2.2006, ஞாயிறு

"நீங்க சொன்னதுதான் மாமா சரி. சொரசொரப்பு ஓடே போட்டுடறோம்" என்றாள். அவளிடம் "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைத்தெரு வரை காரணமில்லாமல் நடந்துவிட்டு வந்தேன்.

3.3.2006, வெள்ளி

பழமலை எடுத்து வைக்கச் சொன்ன பாஸ்போர்ட்டுக்காக விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று எட்டிப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தேன்.

"கொளஞ்சிநாதன்றது நீங்கதானா? இந்த வயசுல எதுக்குங்க ஐயா வெளிநாடு?"

"பையன் வீடு வாங்கியிருக்கான்."

"அப்ப அங்கயே தங்கிடுவீங்களா?"

பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது. "இன்னும் முடிவாகலைங்க" என்றேன். உண்மைதான்.

9.4.2006, ஞாயிறு

மே மாதம் முதல் தேதி கிரகப்பிரவேசம். சிங்கப்பூரிலும் மே தின விடுமுறை, முகூர்த்தமும் அமைந்துவிட்டது. டிக்கெட் வந்துவிட்டது. ஏப்ரல் 28 போக, மே 28 திரும்ப.

"ஒரு மாசம் இருக்கற மாதிரி வாங்கப்பா" என்றான் பழமலை.

ஒரு மாதம்! விழாவுக்கு மட்டும் என்றால் நான்கு நாள் போதுமே. பேத்தி வெண்பாவுக்கு ஆறு வயதாகிறது, அவளோடு நான் இதுவரை சேர்ந்தாற்போல் ஒரு வாரம் இருந்ததில்லை.

மே எட்டாம் தேதி தேர்தல். ஊர் முழுக்கக் கொடியும் மைக்குமாக இருக்கிறது. முதல் தடவையாக ஓட்டுப் போடாமல் இருக்கப் போகிறேன். அதில் வருத்தம் வர வேண்டும். வரவில்லை.

27.4.2006, வியாழன்

பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். சாவி அம்புஜவல்லியிடம்.

30.4.2006, ஞாயிறு, போர்ட் டிக்சன்

கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் பழமலை வந்திருந்தான். முன்நெற்றி முடி கொட்டியிருக்கிறது. நான் சொல்லவில்லை.

வீட்டில் யாரும் வழிகாட்டாமலேயே குளியலறைக்குப் போனேன். "எப்பிடி மாமா கண்டுபிடிச்சீங்க?" என்றாள் ப்ரியா. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது மட்டும் அளவில் இல்லாததால் நெற்றியில் இடித்துக்கொண்டேன்.

சிறிய அறை எனக்குத்தான். கட்டில் சரியான உயரம். உட்கார்ந்து பார்த்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ஜன்னலில் கடல். ராத்திரி வெண்பா வந்து காலடியில் சுருண்டு தூங்கிவிட்டாள். அசையாமல் படுத்திருந்தேன்.

1.5.2006, திங்கள்

காலையில் பால் நன்றாகப் பொங்கியது. பக்கத்தில் சிரம்பானிலிருந்து ஐயர் வந்திருந்தார். சாப்பாடு ஓட்டலிலிருந்து.

மூன்று மணிக்கு அவர்கள் துணிமணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். நானும் போய் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

ப்ரியா பார்த்துவிட்டாள். "நீங்க எதுக்கு மாமா எடுத்து வைக்கறீங்க? நீங்க இங்கதான இருக்கப் போறீங்க."

வேட்டியைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

"பால் காய்ச்சின வூட்ட உடனே பூட்டக் கூடாதுன்னு எங்க அம்மா சொல்லிட்டாங்க மாமா. ஒரு பௌர்ணமி, ஒரு அமாவாசை தாண்டணுமாம். எங்க ரெண்டு பேருக்கும் லீவு இல்ல. வெண்பாவுக்கும் ஸ்கூல். ரெண்டு வேளையும் விளக்கு மட்டும் ஏத்திடுங்க. ஃப்ரிட்ஜுல எல்லாம் இருக்குது."

பழமலை ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். நிமிராமலே, "போன்ல சொன்னேனேப்பா" என்றான்.

சொன்னானா? சொல்லியிருப்பான், என் காதில் விழுந்திருக்காது. ஏப்ரல் ஒன்பதாம் தேதியைத் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் எழுதவில்லை.

கீழே போய்க் கையசைத்துவிட்டு வந்தேன்.

2.5.2006, செவ்வாய்

விளக்கு ஏற்றினேன்.

3.5.2006, புதன்

இந்த வூட்டப் பூட்டக் கூடாதுன்னு, நான் இருக்கற வூட்டப் பூட்டிட்டு வந்திருக்கேன். இதுக்கா அளவெடுத்தாங்க? இதுக்கா பாஸ்போர்ட்டு? தர்மராஜ்கிட்ட என்னன்னு சொல்வேன்? அவங்க என்னக் கூப்பிடல. வேலை இல்லாத ஒரு ஆளக் கூப்பிட்டிருக்காங்க.

— கோபத்தில் எழுதியது. அவர்களுக்கு விடுப்பு இல்லை என்பது உண்மைதான். ஒத்தாசையாக இருப்பதில் என்ன குறைச்சல்? ஆனால் எழுதியதை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

6.5.2006, சனி

இந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிற கண்ணம்மாள் நம் தமிழ்தான். இங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவளாம். ஐம்பது வயதிருக்கும்.

"ஐயா யாரு, வாடகைக்கு வந்தவங்களா, ஓனரா?"

"ஓனரோட அப்பா."

"அப்ப இங்க ஏன் இருக்கீங்க?"

விளக்கு, அமாவாசை எல்லாவற்றையும் சொன்னேன். துடைப்பத்தின் மேல் சாய்ந்து கேட்டாள். "இந்த மாடியில அத்தன வூடும் பூட்டித்தான் கெடக்குது. சனிக்கெழம வருவாங்க, ஞாயித்துக்கெழம போவாங்க, குப்ப மட்டும் எனக்கு. உங்க விளக்க நான் ஏத்தினா எரியாதா? சாவியக் குடுத்துட்டு மவன் வூட்டுக்குப் போயி இருங்களேன்."

இவ்வளவு எளிதான வழி எனக்கு ஏன் தோன்றவில்லை? சிங்கப்பூருக்கு வேறு விசா வேண்டும் என்பது தெரியும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். போனை எடுத்தேன். எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டேன்.

14.5.2006, ஞாயிறு

வெசாக் என்கிற புத்த பூர்ணிமா விடுமுறைக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். பழமலையின் அலுவலக நண்பரும் அவர் மனைவியும் கூட. அவர்களை எங்கே படுக்க வைப்பது என்று ப்ரியா யோசிப்பதற்குள் நானே, "என் ரூம்ல படுக்கட்டும்மா, எனக்குக் கூடத்துலதான் காத்து" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு தடவையாவது "வேண்டாம் மாமா" என்பாள் என்று நினைத்தேன். "தாங்க்ஸ் மாமா" என்றாள்.

"வீட்ட எவ்வளவு பளிச்சுன்னு வச்சிருக்கீங்க" என்று நண்பரின் மனைவி வியந்தாள்.

"எல்லாம் மாமாதான் பாத்துக்கறாங்க" என்றாள் ப்ரியா. பாராட்டித்தான் சொன்னாள். அது எனக்குத் தெரியாமலில்லை.

சற்றுப் பொறுத்து அந்தப் பெண் என்னிடம், "அங்கிள், இன்னொரு டவல் கிடைக்குமா?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

கிளம்பும்போது காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் வரட்டுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. "தாத்தா, கடல்ல தனியா எறங்காதீங்க" என்றாள் வெண்பா. கதவைச் சாத்தினேன்.

21.5.2006, ஞாயிறு

பழமலை பேசினான். சுற்றி வளைத்துத்தான் வந்தான். அந்த நண்பருக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டதாம். சனி ஞாயிறுகளில் வாடகைக்கு விட்டால் ஆட்கள் நிறைய வருவார்களாம். "சாவி குடுக்க, வாங்க ஒருத்தர் வேணும்ப்பா. நீங்களும் ஊர்ல தனியாத்தான இருக்கீங்க. விசாவ நீட்டிக்கலாம், நான் விசாரிச்சிட்டேன்."

நான் தனியாக இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரியாதென்று நினைத்திருந்தேன்.

"வேண்டாம்ப்பா. இருபத்தெட்டாம் தேதி ஊருக்குப் போறேன்."

அவனிடம் வேண்டாம் என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். உங்களோட இருக்கலாம்னுதான் வந்தேன் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அது வரவில்லை.

"சரிப்பா, உங்க இஷ்டம்" என்றான். கோபமில்லை. கோபித்திருந்தால்கூட இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்போம்.

28.5.2006, ஞாயிறு

நேற்று அமாவாசை முடிந்தது. பழமலைக்கு வேலை இருந்ததால் டாக்சி அனுப்பியிருந்தான். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கண்ணம்மாளிடம் கொடுத்தேன். "அடுத்த தடவ ஆளுங்களோட வாங்கய்யா" என்றாள்.

11.6.2006, ஞாயிறு, விருத்தாசலம்

காலையில் ப்ரியா பேசினாள். சிறிய அறையின் கட்டிலை எடுத்துவிட்டு, மேலும் கீழுமாகப் படுக்கிற அடுக்குக் கட்டில் போட்டுவிட்டார்களாம். "வாடகைக்கு வர்றவங்க பசங்களோட வருவாங்கல்ல மாமா." நல்லதும்மா என்றேன். அந்த அறையில் சாயங்கால வெயில் நேராக முகத்தில் விழும், கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போடச் சொன்னேன். சரி மாமா என்றாள்.

மாலையில் தர்மராஜ் வந்தார். ஊர் திரும்பிய பிறகு இது மூன்றாவது தடவை, மலேசியா பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன், டவல் உட்பட. குறுக்கே பேசாமல் கேட்டார். இடையில் இரண்டு முறை டீ போட்டேன். ஏழரை ஆனதும் எழுந்து செருப்பை மாட்டினார்.

"தர்மராஜ், இன்னைக்கு ராத்திரி இங்கயே தங்கறீங்களா?"

திரும்பிப் பார்த்தார். "ஏன், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இருந்தா எனக்கு நல்லா இருக்கும்."

"கேக்க நாலு வருஷம் ஆயிருக்குது" என்றார். "எங்க வூட்ல நான் ராத்திரி எங்க படுக்கறேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா சார் நீங்க?"

கேட்டதில்லை. எங்கே என்றேன்.

"பேரப் பசங்க டி.வி. பாத்து முடிச்சப்பறம், அந்த ஹால்ல. வூட்ல சொல்லிட்டு வரேன்" என்று படியிறங்கினார்.

அது ஒரு பேச்சுக்குச் சொன்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவரைச் சங்கடப்படுத்திவிட்டேனோ என்றும் இருந்தது. இருந்தாலும் அரிசியைக் கொஞ்சம் கூடவே வைத்தேன்.

எட்டே முக்காலுக்குக் கதவு தட்டினார்கள். தர்மராஜ். கக்கத்தில் தலையணை.