கால்மிதிக்குக் கீழே

2024 மார்ச் 5, செவ்வாய்

வெயில் வந்தது. அதுவே இன்றைய பெரிய செய்தி. தேவாலயத்தைத் திறந்து, ஹீற்றரின் சூட்டைக் கூட்டி, மெழுகுதிரிகளை மாற்றி, தும்புக் கால்மிதியை மதிலுக்கு வெளியே உதறினேன். கல்லறைப் பக்கம் உதறக்கூடாது. "செத்த ஆக்களுக்கு ஏன் எங்கட தூசி?" என்று முதல் வருடமே சபைக் குழுத் தலைவி அன்னா சொல்லிவிட்டார்.

இந்த மாதத்தோடு இங்கே ஒன்பது வருடம். டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரிலிருந்து காரில் இருபது நிமிடம், எண்ணூறு வருடத்துக் கட்டடம், தனியாக நான். சைவக்காரி மணி அடித்துத்தான் இந்த ஊர்ச் சனம் சேர்ச்சுக்கு வருகிறது. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதை எழுதிவைப்பதில் என்ன வெட்கம்?

ஒரு திருட்டுத்தனமும் உண்டு. கால்மிதியை எடுத்ததும் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். கோயில் படியைத் தொடாமல் எப்படி உள்ளே போவது? கை தானாகப் போகிறது. வேலைக்கு எடுத்த அன்று குழுவிலிருந்த தாடிக்காரர், "உன் சமயத்தை வேலைக்குள் கொண்டுவர மாட்டாய்தானே?" என்று கேட்டார். மாட்டேன் என்று சொன்னேன். ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு அந்த வாக்கை மீறுகிறேன்.

மார்ச் 7, வியாழன்

அன்னா நடைவண்டியோடு வந்தார். இடுப்பு சத்திரசிகிச்சைக்குப் பிறகு இந்த ஒரு படி அவருக்கு மலை. நானும் பாதிரியாருமாகத் தூக்கி ஏற்றினோம். "இதுதான் கடைசித் தரம்" என்றார். பதினெட்டாம் தேதி மேசன் வருகிறாராம். படியை எடுத்துவிட்டுச் சாய்தளம் போடுவார்கள், ஈஸ்ரர் பெருநாளுக்கு முன் முடிந்துவிடும். எனக்கும் சந்தோஷம்தான்.

போகும்போது சொன்னார்: பழைய படியை உடைத்துச் சாய்தளத்துக்கு அடியிலேயே நிரப்பிவிடுவார்களாம். நல்லது என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வரும்வரை அந்தப் படியே நினைவு. அந்தக் கல்லில் வரிவரியாக ஏதோ இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தேய்மானம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். தேய்மானம் இவ்வளவு ஒழுங்காக வளையுமா?

மார்ச் 9, சனி

மகள் துஷாரா ஓகூஸ் நகரிலிருந்து வந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கால்மிதியைத் தூக்கினேன். போன் வெளிச்சத்தைக் கல்லோடு ஒட்டச் சரித்துப் பிடித்தாள். பிறகு டேனிஷில் சொன்னாள்: "அம்மா, இது கால்."

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உள்ளங்கால். சின்னப் பாதங்கள், என் கையளவுதான். அதன் அருகே ஒரு படகு, அதில் குச்சிகுச்சியாக ஆட்கள். மேலே கால்மிதி கிடந்ததால் அந்த இடம் மட்டும் தப்பியிருக்கிறது.

ஒன்பது வருடமாக நான் தொட்டுக் கும்பிட்டது ஒரு சோடிப் பாதத்தை. அழுதுவிட்டேன். பிள்ளை பயந்துபோனாள்.

பழம்பொருள் நூதனசாலைக்கு உடனே படம் அனுப்பவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வேண்டாம் என்றேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்களே, என்ன சொல்வது? வீட்டில் இவர், என் கணவர், சாப்பிட்டுக்கொண்டே வழி சொன்னார்: "வாசல் கூட்டேக்க கண்டனான் எண்டு சொல்லன். முடிஞ்சுது."

"நான் காணேல்லையே, தொட்டனான்."

"அப்ப தொட்டனான் எண்டு சொல்லு."

"சொன்னா வேலை போயிடும்."

"பொய் சொல்லவும் மாட்டாய், உண்மை சொல்லவும் மாட்டாய். அப்ப கல்லு உடையட்டும், என்ன?"

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் வந்தது.

மார்ச் 11, திங்கள்

சொல்லவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

இன்றும் இல்லை. படியைத் தொடவும் கை கூசியது. தாண்டிப் போனேன். நாள் முழுக்க ஏதோ மறந்த மாதிரி. ஐம்பத்து நாலு வயதில் இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியா நான்?

மார்ச் 14, வியாழன்

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அன்னா தன் வீட்டில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே ஒப்பித்தேன் — படி, கால்மிதி, கை, கண், தாடிக்காரருக்குக் கொடுத்த வாக்கு. சாய்தளம் பிந்தப்போகிறது, மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னேன். அவர் கப்பை வைத்துவிட்டு, செய்துகாட்டு என்றார். எங்கே? அங்கே, படியிலேயே. காரில் ஏற்றிக்கொண்டு போனேன். குனிந்து தொட்டேன், கண்ணில் ஒற்றினேன். வாழ்க்கையில் இப்படி ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கக் கும்பிட்டதில்லை.

பிறகு வெளிச்சத்தைச் சரித்துக் காட்டினேன். நடைவண்டியைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தார்.

"என்னை ஞானஸ்நானத்துக்குத் தூக்கி வந்தது இந்தப் படியால்தான். கல்யாணமும் இங்கேதான். எழுபத்தாறு வருடமாக நாங்கள் மிதித்துக்கொண்டே போயிருக்கிறோம், நீ ஒருத்திதான் குனிந்திருக்கிறாய்."

அங்கேயே மேசனுக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் என்றார். என் வேலை நிலைக்குமா? அது குழு முடிவு செய்யவேண்டியது.

மார்ச் 15, வெள்ளி

நூதனசாலையிலிருந்து விக்ரோரியா என்ற பெண் வந்தாள். சின்ன வயது, முழங்காலில் நின்றே இரண்டு மணிநேரம். மூவாயிரம் வருடம் இருக்கலாமாம், கிறிஸ்தவம் வருமுன் இருந்த ஒரு தெய்வத்தின் பாதமாக இருக்கலாமாம். சேர்ச் கட்டியவர்கள் எங்கோ வயலில் கிடந்ததைத் தூக்கிவந்து போட்டிருப்பார்கள் என்றாள். பழைய தெய்வத்தை மிதிக்கவேண்டும் என்றா போட்டார்கள்? கேட்டேன். "தெரியாது. நல்ல தட்டையான கல், அதுவும் காரணமாக இருக்கலாம்." அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்கிறவளை நம்பலாம்.

படிவத்தில் ஒரு கட்டம்: கண்டுபிடித்த விதம். உண்மையைச் சொன்னேன். "தினமும் உள்ளே போகுமுன் தன் வழக்கப்படி படியைக் கையால் தொடுகையில்" என்று எழுதினாள். பிரதி சபைக் குழுவுக்குப் போகும்.

மார்ச் 20, புதன்

கூட்டம். கோப்பி வைக்கப்போன என்னை இருக்கச் சொன்னார்கள். படிவத்தைத் தாடிக்காரரே வாசித்தார். இப்போது தாடி முழுக்க வெள்ளை. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"அப்போ சமயத்தை வேலைக்குள் கொண்டுவந்துவிட்டாய்."

ஆமாம் என்பதற்கு எங்கள் 'ஓம்' தமிழிலேயே வாயில் வந்துவிட்டது.

"நல்லகாலம்" என்றார் அன்னா.

யாரோ சிரித்தார்கள். தாடிக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த பக்கத்தைத் திருப்பினார், எட்டுப் பேரும் கல்லை எங்கே வைப்பது என்று கதைக்கத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். என்னைப் பற்றிய விஷயம் முடிந்துவிட்டது! வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் சொன்னது: "ஊரில எல்லாரும் வேலையைக் காப்பாத்த ஆரின்ரையாவது காலைப் பிடிப்பினம். நீ மூவாயிரம் வருசத்துக் காலைப் பிடிச்சிருக்கிறாய்." சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்ரர். சாய்தளம் இல்லை. படிக்கு மேலே பலகைப் பெட்டி அடித்து மூடியிருக்கிறார்கள். அன்னாவைத் தூக்கி ஏற்றினோம், ஒரு பக்கம் தாடிக்காரர். "இதுதான் கடைசித் தரம்" என்றார் அன்னா.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

சாய்தளம் திறந்து முதல் ஞாயிறு. கல் இப்போது வாசல் மண்டபச் சுவரில் நிமிர்ந்து நிற்கிறது. பாதங்கள் நெஞ்சளவு உயரத்தில், பக்கவாட்டில் ஒரு விளக்கு. 'தொடவேண்டாம்' என்ற பலகையும் உண்டு. அதைக் காவல் காக்கும் பொறுப்பு யாருக்கு? எனக்குத்தான்.

காலையில் திறக்க வந்தபோது வாசலில் புதுக் கல், சாய்தளத்தோடு சமமாக. மழமழவென்று, மேலே ஒன்றுமில்லை. இனி எதற்குக் குனிவது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். கை யோசிக்கவில்லை. அது தன்பாட்டில் போய்த் தொட்டுவிட்டது. கால் இருக்கிறது என்று தெரிந்தா இத்தனை வருடமும் தொட்டேன்? வாசல் என்றுதானே.

நிமிர்ந்தால் பின்னால் அன்னா. நேரத்தோடு வந்து, யாருடைய கையும் இல்லாமல் தானாகவே வண்டியைத் தள்ளி ஏறியிருக்கிறார். மூச்சு வாங்கியது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"எனக்குக் குனிய ஏலாது. எனக்காகவும் ஒருக்கா தொடு."

தொட்டேன். மணி அடிக்க இரண்டு நிமிடம் பிந்திவிட்டது.